ஜீப்பில் போகாதவர்கள்

சித்தூர்
11 ஜூன் 2025, புதன்

சிவசங்கரி அவர்களுக்கு,

நான் டாக்டர் யோகப்பிரியா. உங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியிலும், நம் நிர்வாகத்தின் மற்ற சின்ன ஆஸ்பத்திரிகளிலும் எடுக்கிற எக்ஸ்ரே படங்களை இங்கே தலைமை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கணினியில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவள். நாம் நேரில் பார்த்ததில்லை, போனில் மட்டும்தான் பழக்கம். நேற்று அந்தப் போனில் உங்களைக் கடிந்து பேசிவிட்டேன். பேசிய விதத்துக்கு வருந்துகிறேன். சொன்ன விஷயத்துக்கு வருத்தமில்லை, அதனால் அதையே இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பும் படங்களில் முக்கால்வாசிக்கு மேல் 'அர்ஜெண்ட்' என்று குறி போட்டு வருகிறது. விலா வலி, அர்ஜெண்ட். பழைய முழங்கால் தேய்மானம், அதுவும் அர்ஜெண்ட். எங்கள் ஊர் எருத்தேன்பதியில் அப்பாவின் தென்னந்தோப்புக்கு வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வரும். முறை இல்லாதவர்களும் "என்ற மரம் காயுதுங்க" என்று மடையைத் திறந்துவிட்டால் கடைசித் தோப்புக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. உங்கள் ஆஸ்பத்திரி செய்வது அதைத்தான்.

அதோடு போன் வேறு. ஒரு படத்தைப் பாதி பார்த்துக்கொண்டிருக்கும்போது "மேடம், ரிப்போர்ட் ஆச்சா?" என்று மணி அடிக்கிறது. கையில் இருக்கும் படத்தை விட்டுவிட்டு நீங்கள் கேட்ட படத்துக்குப் போகிறேன். திரும்பி வந்தால் முதலிலிருந்து பார்க்க வேண்டும், சில நேரம் திரும்பி வரவே முடிவதில்லை. இனி காத்திருக்க முடியாத நோயாளிக்கு மட்டும் குறி போடுங்கள். போன் வேண்டாம், கேட்க ஏதாவது இருந்தால் இதுபோல மெயிலில் எழுதுங்கள். உங்கள் பேச்சு தமிழ் என்பதால் தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

யோகப்பிரியா


வெள்ளைக்கல் எஸ்டேட், சின்னக்கானல்
12 ஜூன் 2025

மதிப்பிற்குரிய டாக்டர் மேடத்துக்கு,

வணக்கம். என் பெயருக்குப் பின்னால் 'அவர்களுக்கு' போட்டு இதுவரை எனக்கு வந்ததெல்லாம் மெமோ மட்டும்தான். அதனால் முதலில் பயந்துபோய்ப் பாதியில் மூடிவிட்டேன். சாப்பிட்ட பிறகுதான் மிச்சத்தைப் படித்தேன்.

மேடம், இங்கே நோயாளி தனியாக வருவதில்லை. ஒரு ஜீப் நிறைய வருகிறார்கள். மேலே உள்ள டிவிஷன்களுக்குப் பஸ் கிடையாது. ஜீப் நிறைந்தால்தான் கிளம்பும், எல்லோருக்கும் வேலை முடிந்தால்தான் திரும்பும். ஒருவருக்கு ரிப்போர்ட் வரவில்லை என்றால் அத்தனை பேரும் வெளியே நிற்க வேண்டும். ஜீப் ஓட்டுகிற அருண்பாண்டி என் அறை ஜன்னலில் வந்து நின்றுகொள்வான். "அக்கா, மழ எறங்கிருச்சுன்னா பாற ரோட்டுல வண்டி ஏறாது. இப்ப விடுறீகளா, இல்ல நான் கெளம்பவா?" என்பான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

போன மாதம் மொக்கையன் என்று ஒருவர், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது சரிவில் விழுந்தவர், எக்ஸ்ரே எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஜீப் ஹாரன் அடித்ததும் எழுந்துவிட்டார். "என் ஒருத்தனுக்காக எல்லாரும் நிக்கணுமா தாயி? ரிப்போர்ட்டு வந்தா வரட்டும்" என்று ஏறிப் போய்விட்டார். விலா முறிந்திருப்பதாக நீங்கள் எழுதிய ரிப்போர்ட் அவர் போனபிறகு வந்தது. இன்னொரு நாள் லீவு போட்டுக் கீழே இறங்க யாராலும் முடியாது. நெஞ்சில் நீர் கட்டிய பிறகுதான் மறுபடி வந்தார்.

அதற்குப் பிறகு நான் இப்படித்தான் செய்கிறேன். முதலில் கிளம்பும் ஜீப்பில் வந்தவர்களுக்கு முதலில் அர்ஜெண்ட், அடுத்த ஜீப்புக்கு அடுத்து. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து லய வீடுகளில் இருப்பவர்கள் நடந்து வருபவர்கள், எப்போது கூப்பிட்டாலும் வருவார்கள். அவர்களுக்குக் குறி போடுவதில்லை. இங்குள்ள டாக்டர் ஜிதின் சாருக்கும் இது தெரியும். அவர் கோட்டயத்துக்காரர், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, உங்கள் ரிப்போர்ட் இல்லாமல் மருந்து எழுதத் தயங்குவார்.

ஆக, மேடம், நான் மடையை உடைக்கவில்லை. முறை வைத்துத்தான் விடுகிறேன், அது நோயின் முறை இல்லை என்பது மட்டும் உண்மை. இனி போன் செய்யமாட்டேன்.

இப்படிக்கு,
சிவசங்கரி, எக்ஸ்ரே பிரிவு


சித்தூர்
15 ஜூன் 2025, ஞாயிறு

சிவசங்கரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இத்தனை நாளில் ஜீப்பைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் ஏன் இத்தனை அவசரம் என்று கேட்டதில்லை, பொறுமை இல்லாதவர்கள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

ஆனால் இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டும். இங்கே எங்கள் சூப்பிரண்டு பிரதீப் சார் மாதாமாதம் ஒரு கணக்கு எடுக்கிறார், படம் வந்து எவ்வளவு நேரத்தில் ரிப்போர்ட் போனது என்று. அதில் அர்ஜெண்ட் படங்களை மட்டும்தான் எண்ணுகிறார். அந்தக் கணக்கில் எங்களுக்கு நல்ல பெயர். குறி இல்லாத படங்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. எல்லா ஊரிலிருந்தும் அர்ஜெண்ட் வந்துகொண்டே இருப்பதால் அவை வாரம் முழுக்க அடியில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சொல்லிவிட்டு வந்து நான் அவற்றை முடிப்பேன்.

இன்றும் அப்படித்தான் வந்தேன். உங்கள் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை எடுத்த ஒரு படம் அதில் இருந்தது. வேலுத்தாய், வயது ஐம்பத்தெட்டு. வலது காறை எலும்புக்குப் பின்னால் ஒரு நிழல், நடுவில் குழி. எலும்பு மறைப்பதால் பழகிய கண்ணுக்கும் தப்பும் இடம் அது, நீங்களோ ஜிதினோ பார்த்திருக்கலாமே என்று சொல்லமாட்டேன். காசநோயாகத்தான் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன். நாளைக் காலையிலேயே சளி பரிசோதனைக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

குறி இல்லாததால் இந்த அம்மா நடந்து வந்தவர் என்று நினைக்கிறேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கொஞ்ச நாள் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

யோகப்பிரியா


வெள்ளைக்கல் எஸ்டேட்
17 ஜூன் 2025

டாக்டர் மேடத்துக்கு,

வேலுத்தாய் என் மாமியார்.

சளியில் கிருமி இருப்பதாக இன்று ரிசல்ட் வந்துவிட்டது. உங்களுக்குத் தெரிய வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அத்தை எஸ்டேட் கிரஷ்ஷில் ஆயாவாக இருக்கிறார். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். என் மகள் மோனிஷாவும் அங்கேதான் இருக்கிறாள், அவளுக்கு இரண்டு வயது முடியவில்லை. நேற்றுக் காலை நான் உங்கள் ரிப்போர்ட்டைத் திறந்தபோது அத்தை வழக்கம்போல வேலைக்குப் போயிருந்தார். ஓடிப்போய்ப் பார்த்தால் மடியில் ஒன்று, தோளில் ஒன்று. தோளில் இருந்தது என்னுடையது.

இரண்டு மாதமாக இருமல். கேட்டால் "இது மழச்சளி, கஷாயத்துக்குப் போயிரும்" என்பார். நான்தான் திட்டி இழுத்துவந்து படம் எடுத்தேன். காலையில் ஜீப்புகள் வருவதற்கு முன்பே எடுத்தேன், ஆனால் எல்லோருடையதும் போன பிறகு கடைசியாக அனுப்பினேன். வீடு பக்கத்தில்தானே என்பது ஒரு காரணம். சொந்த மாமியாரை முன்னால் தள்ளிவிட்டாள் என்று லயத்தில் பேச்சு வரக்கூடாது என்பது இன்னொன்று. இப்போது மாமியார் என்பதால் பின்னால் தள்ளினாள் என்று பேசிக்கொள்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் ஜெகன் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறார். நேற்று வந்ததும், "ஊருக்கெல்லாம் அர்ஜெண்ட் போடுவ. எங்கம்மாவுக்குப் போட ஒனக்குக் கை வரலயா?" என்றார். அதற்குப்பின் என்னிடம் பேசவில்லை.

மேடம், அன்று நான் குறி போட்டு அனுப்பியதற்கெல்லாம் அன்றைக்கே ரிப்போர்ட் அனுப்பிவிட்டீர்கள். அதற்கு அடியில் எங்களுடையதாக ஒரே ஒரு படம் கிடந்தது. அதையும் சேர்த்துப் பார்க்க உங்களுக்கும் கை வரவில்லையா? எனக்கு உங்கள்மேல் கோபம் இருக்கிறது. மரியாதையாகச் சொல்ல வேறு வார்த்தை தெரியவில்லை.

சிவசங்கரி


சித்தூர்
20 ஜூன் 2025

சிவசங்கரிக்கு,

உங்கள் கோபம் சரிதான்.

பிரதீப் சார் உங்களிடம் விசதீகரணம், எழுத்தில் விளக்கம், கேட்டிருப்பார். நோயின் தன்மையைப் பார்க்காமல் டெக்னீஷியன் தன் இஷ்டத்துக்குக் குறி போட்டதால் தாமதம் என்று அவரே ஒரு வாசகம் தயார் செய்து, கீழே நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். போடவில்லை. நடந்தது அது இல்லை.

அந்தத் திங்கட்கிழமை மதியம் அர்ஜெண்ட் படங்கள் முடிந்து கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. குறி இல்லாதவற்றில் ஒன்றைத் திறந்தேன், உங்கள் மாமியாருடைய படம். நான் எப்போதும் கீழிருந்து மேலே பார்ப்பவள். கீழ்ப்பகுதி சுத்தமாக இருந்தது. அப்போது போன் வந்தது, நீங்கள்தான். அடுத்த ஜீப் கிளம்புகிறது, மறுபடி எடுத்து அப்போதுதான் அனுப்பிய ஒருவருடைய முதுகெலும்புப் படத்துக்கு ரிப்போர்ட் வேண்டும் என்றீர்கள். இதை மூடிவிட்டு அதற்குப் போனேன். அதற்குள் மற்ற ஊர்களிலிருந்து வந்து குவிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அதே படத்தைத் திறந்ததும் இதை நான் பார்த்திருக்கிறேனே என்று தெரிந்தது. உங்களுக்கு எழுதும்போது அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்போது என் பெயரில் ஒரு விசதீகரணம் எழுதி, அதில் இதைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் போனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மூடியது நான்.

இனி இப்படிச் செய்யலாம். உங்கள் ஜீப்புகள் கிளம்பும் நேரம் எனக்கு வேண்டும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் உங்கள் ஆஸ்பத்திரிக்காக மட்டும் உட்காருவேன். குறி போட்டது, போடாதது என்று பார்க்காமல் வந்த வரிசையில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அந்த நேரத்தில் என் போன் வெளியே நர்ஸிடம் இருக்கும். நம் அகளி ஆஸ்பத்திரியிலும் கடைசி பஸ்ஸை வைத்து இதேபோல ஒரு நேரம் கேட்டிருக்கிறேன். அர்ஜெண்ட் என்று சொல்லும் உரிமை ஜிதினுக்கு மட்டும், அதுவும் அவர் நோயாளியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். பிரதீப் சாருக்கு இதில் ஒரே மனக்குறை. எல்லாப் படங்களையும் எண்ணினால் மாதக் கணக்கு அசிங்கமாகிவிடுமாம். ஆகட்டும் என்றேன்.

கிரஷ்ஷில் இருந்த பிள்ளைகள் ஒருவர் விடாமல் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். ஜிதினிடம் பேசியிருக்கிறேன்.

யோகப்பிரியா


வெள்ளைக்கல் எஸ்டேட்
8 ஜூலை 2025

டாக்டர் மேடத்துக்கு,

எனக்கு எச்சரிக்கை மெமோ வந்தது. உங்களுக்கும் வந்ததாக நர்ஸ் பின்சி சொன்னாள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுதினால் தப்பாக நினைக்காதீர்கள்.

நீங்கள் உட்காரும் நேரம் இப்போது மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. அருண்பாண்டி ஜன்னலுக்கு வந்து ஹாரனைப் பற்றிப் பேசுவதில்லை. "மேடம் உக்காந்துட்டாகளா அக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறான். முதல் வாரம் சண்டைதான். நாங்கள் இருமி இருமிச் சாகிறோம், நடந்து வந்தவளுக்கு முன்னாலேயே ரிப்போர்ட்டா என்று ஒரு ஜீப்பே இறங்கிவந்து கத்தியது. இப்போது எல்லோருக்கும் கிளம்புவதற்குள் கைக்கு வந்துவிடுவதால் யார் முன், யார் பின் என்று கேட்பதில்லை.

அத்தை பின்கட்டு அறையில் இருக்கிறார். மாத்திரை சாப்பிடுகிறார், இருமல் குறைந்திருக்கிறது, சோறுதான் இறங்கவில்லை. கிரஷ்ஷுக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. பக்கத்து லயத்துக்காரர் பிச்சைமணியின் மனைவி வந்து வாசலில் நின்று, "ஒன்ன நம்பித்தான புள்ளைய விட்டுட்டுப் போனேன்" என்று கத்திவிட்டுப் போனாள். அவள் போன பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டார். "நான் பெத்ததக் கூட இப்படித் தூக்கிச் சொமக்கல. கொழுந்துக் காட்டுல கெடந்தேன். இதுகளத்தான் ஆசயாத் தூக்குனேன்" என்றார். பிறகு, "அந்தத் திங்கக்கெழமையே தெரிஞ்சிருந்தா இதுக தப்பிச்சிருக்குமா தாயி?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

கிருமி தொற்றியிருக்கிறதா என்று பிள்ளைகளுக்குக் கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்ட இடம் தடித்தவர்களுக்கு இன்று படம் எடுத்தேன், மோனிஷாவுக்கும் தடித்திருந்தது. அவள் அழுது திமிறினாள். நான் ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு பிடித்துக்கொண்டேன், பின்சி பட்டனை அழுத்தினாள். ஜிதின் சார் தொட்டுப் பார்த்துவிட்டு யாருக்கும் அர்ஜெண்ட் இல்லை என்றார். தாய்மார்கள் நின்ற வரிசையிலேயே அனுப்பியிருக்கிறேன். எதையும் முன்னால் எடுக்கவில்லை, பின்னாலும் தள்ளவில்லை. என் பிள்ளையுடையது எது என்று தேடி முதலில் பார்த்துவிடாதீர்கள் மேடம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எனக்குப் பயமாக இருக்கிறது, இருந்தாலும் வரிசையிலேயே பாருங்கள்.

அத்தை கேட்ட கேள்விக்கு மட்டும் தனியாகப் பதில் எழுதுங்கள். நான் என்ன சொன்னாலும் அவர் நம்பமாட்டார்.

சிவசங்கரி


சித்தூர்
9 ஜூலை 2025

சிவசங்கரிக்கு,

வரிசையில்தான் பார்த்தேன். மோனிஷாவின் முறை வந்தபோது கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரிப்போர்ட்டுகள் ஜிதினுக்குப் போய்விட்டன. இதற்குள் அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். மற்ற பிள்ளைகளின் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, நோய் வராமல் தடுக்கும் மாத்திரை மட்டும் போதும். மோனிஷாவுக்கு நுரையீரல் தொடங்கும் இடத்தில் நிணநீர்க் கட்டிகள் வீங்கியிருக்கின்றன. அவளுக்கு நோய் தொடங்கிவிட்டது. ஆறு மாதம் மருந்து. இந்த வயதில், இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தால் முழுக்கக் குணமாகும். மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது. இதை இன்னும் மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ரிப்போர்ட் எழுதியே பழகிவிட்டது. மனசு கஷ்டமாக இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் எழுத இடமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

இனி உங்கள் அத்தையின் கேள்வி. அவர் இரண்டு மாதமாக இருமியிருக்கிறார், அந்த இரண்டு மாதமும் குழந்தை அவர் தோளில் இருந்திருக்கிறாள். கட்டிகள் வீங்கியிருக்கும் அளவைப் பார்த்தால், அத்தைக்குப் படம் எடுப்பதற்கு முன்பே தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் திங்கட்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில்தான் தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த நாட்களில் தொற்றவில்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது.

யோகப்பிரியா


வெள்ளைக்கல் எஸ்டேட்
13 ஜூலை 2025

டாக்டர் மேடத்துக்கு,

மோனிஷாவுக்கு மருந்து தொடங்கியாகிவிட்டது. தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறோம். முதல் நாள் கொடுத்தது முழுவதையும் ஜெகன் சட்டையில் துப்பினாள். அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே, "இன்னொண்ணு கரைச்சுக் கொண்டா" என்றார். பல நாளுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. ஜிதின் சாரிடம் கேட்டுவிட்டுத்தான் இன்னொன்று கரைத்தேன்.

மோனிஷாவுக்கு வந்திருப்பதை அத்தையிடம் மறைக்க முடியவில்லை. சுவரோரம் திரும்பிப் படுத்துவிட்டார், சாயங்காலம் வரை எழவில்லை. விளக்கு வைத்த பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. டாக்டரம்மா உங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார் என்று சொல்லி, போனைத் திறந்து உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியை வாசித்தேன். முன்பே தொற்றியிருக்கலாம் என்பதை வாசித்தேன். அந்தத் திங்கட்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில்தான் தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் வாசித்தேன்.

"டாக்டரம்மாவே அப்படிச் சொல்லிட்டாகளா?" என்றார்.

ஆமாம் என்றேன். எழுந்து உட்கார்ந்து, கொஞ்சம் ரசம் சாதம் கொண்டுவரச் சொன்னார். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அதற்கு அடுத்த வரியை நான் வாசிக்கவில்லை மேடம். அது உங்களுக்கும் எனக்கும்.

சிவசங்கரி